மேலாளர் சான்றிதழ் வந்துவிட்டது. முதலாளியிடம் சம்பள உயர்வை எப்படிக் கேட்பது? (கிரானைட் குவாரி, கிருஷ்ணகிரி மாவட்டம்)

பர்கூர்ப் பையன்:

அனைவருக்கும் வணக்கம். பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் ஃபோர்மேனாக வேலை செய்கிறேன். சுரங்கப் பொறியியல் படித்தவன். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் நடத்தும் இரண்டாம் வகுப்பு மேலாளர் தகுதித் தேர்வில் தேறி, தன்பாத்திலிருந்து சான்றிதழும் வந்து சேர்ந்துவிட்டது. திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு மட்டுமான சான்றிதழ்தான். குவாரிக்கு அது போதும்.

முதலாளியிடம் காட்டியபோது மனதார மகிழ்ந்தார். குவாரியில் இருந்த அனைவருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் கணக்கர் ஒரு தாளை நீட்டினார். என்னைக் குவாரியின் மேலாளராக நியமித்து இயக்குநரகத்துக்கு அனுப்ப வேண்டிய அறிவிப்பு. "கையெழுத்துப் போடுங்கள், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றார். சம்பளத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நான் இப்போது வாங்குவது 31,000.

இன்றைய தேதியில் காகிதத்தில் மேலாளராக இருப்பவர் சேலத்துக்காரர். மாதம் ஒருமுறை காரில் வருவார். தினமும் காலையில் மேட்டுடன் (ஆட்களை மேற்பார்வை செய்பவர்) பெஞ்சுகளை, அதாவது படிபடியாக வெட்டிய பாறைத் தட்டுகளைச் சுற்றி வருவதும், பாறை வெட்டும் முகப்பில் தொங்கும் கற்களைக் கடப்பாரையால் தட்டி இறக்குவதும், பதிவேடு எழுதுவதும் நான்தான். அறிக்கைக்குக் கீழே இடம் விட்டு வைப்பேன். அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஒரு மாதத்துப் பக்கங்களிலும் வரிசையாகக் கையெழுத்து விழுந்துவிடும்.

கேட்க வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் தங்கையின் திருமணத்துக்கு வட்டியில்லாமல் முன்பணம் கொடுத்தவர் இந்த முதலாளி. தேர்வுக்குப் படிக்க விடுப்பும் கொடுத்தார். இப்போது போய்ப் பணம் கேட்டால் நன்றி கெட்டவன் என்று நினைப்பாரோ என்ற தயக்கம். எவ்வளவு கேட்கலாம், எப்போது கேட்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மின்கம்பம்:

வாழ்த்துகள் தம்பி. நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மின்பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். மின் உரிம வாரியத்தின் மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழ் வாங்கியபோது எனக்குக் கிடைத்தது அறிவிப்புப் பலகையில் ஒரு புகைப்படமும் ஒரு பரிசுக் கூப்பனும். ஏனென்றால் என் தொழிற்சாலையில் அந்தச் சான்றிதழ் ஏற்கெனவே வேறொருவரிடம் இருந்தது. என்னுடையது உபரி. அவர் ஓய்வு பெற்ற அன்றுதான் என் சான்றிதழுக்கு மதிப்பு வந்தது. மனிதவளப் பிரிவினரே என்னைத் தேடி வந்தார்கள். ஆகவே முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் முதலாளிக்கு உங்கள் சான்றிதழ் தேவையா, அல்லது இருந்தால் நல்லது என்ற அளவில்தானா?

பர்கூர்ப் பையன்:

தேவைதான் அண்ணா. சேலத்துக்காரர் வயதாகிவிட்டது என்று விலகப் போகிறார். அவருக்கு மாதாமாதம் ஒரு தொகை போகிறது. எவ்வளவு என்று கணக்கர் வாய் திறக்க மாட்டார்.

பாலக்கோட்டான்:

நான் பாலக்கோட்டில் பிறந்து, இப்போது அமெரிக்காவில் டெக்சாஸில் கட்டமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். இங்கே தொழில்முறைப் பொறியாளர் உரிமம் என்பது பெரிய விஷயம். பட்டம் முடித்து, அடிப்படைத் தேர்வு எழுதி, பொதுவாக நான்கு ஆண்டுகள் உரிமம் உள்ள பொறியாளரின் கீழ் வேலை பார்த்து, இரண்டாவது தேர்வும் தேறிய பிறகு மாநில வாரியம் உரிமம் தரும். அதன் பிறகுதான் வரைபடத்தில் உங்கள் முத்திரையைப் பதிக்கலாம். இந்த முறை 1907இல் வயோமிங் மாநிலத்தில் தொடங்கியது. பாசன நீர் உரிமைக்கான வரைபடங்களைப் பொறியியல் தெரியாதவர்களெல்லாம் வரைந்து கையெழுத்திட்டுக் கொடுத்ததால் வந்த சட்டம் அது. உங்கள் சேலத்துக்காரரின் கதையைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

சம்பள விஷயத்தில் இங்கும் நிலைமை மின்கம்பம் சொன்னதுதான். தேர்வுக் கட்டணத்தை நிறுவனம் கொடுத்தது, கைகுலுக்கியது, அத்துடன் சரி. ஏற்கெனவே முத்திரை வைத்திருப்பவர்கள் பலர் இருந்தார்கள். ஒரு திட்டத்துக்கு நான்தான் பொறுப்புப் பொறியாளர், என் முத்திரைதான் என்று முடிவான பிறகே சம்பளம் ஏறியது. அப்போதும் நான் "உரிமம் வாங்கிவிட்டேன்" என்று கேட்கவில்லை. "இந்தப் பாலம் விழுந்தால் வாரியம் கூப்பிடுவது என்னைத்தான், அதற்கு என்ன தருகிறீர்கள்" என்று கேட்டேன்.

சாம்பியன் ரீஃப்:

தம்பி, நான் கோலார் தங்க வயலில் இருந்தவன். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிய பிறகு கிருஷ்ணகிரிக்கு வந்து, குவாரிகளில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றேன். நீ சம்பளத்தைப் பற்றிக் கேட்கிறாய். நான் அந்தத் தாளைப் பற்றிப் பேசுகிறேன். அதில் இதுவரை நீ கையெழுத்துப் போடவில்லை என்றால் இந்த இழையில் இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை.

சுரங்கச் சட்டம் 1952இன் 17ஆம் பிரிவைப் படித்திருப்பாய், தேர்வுக்கு மனப்பாடமும் செய்திருப்பாய். இப்போது உனக்காகப் படி. ஒவ்வொரு சுரங்கமும் ஒரே ஒரு மேலாளரின் கீழ் இருக்க வேண்டும். மேலாண்மை, கட்டுப்பாடு, மேற்பார்வை எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. முதலாளி மேலாளருக்கு உத்தரவு கொடுத்தால் அதை உடனே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். அவசர நிலை தவிர, சட்டப்படியான கடமைகளைப் பாதிக்கும் உத்தரவை மேலாளரைத் தாண்டி, அவருக்குக் கீழுள்ளவர்களுக்கு யாரும் நேரடியாகக் கொடுக்கக் கூடாது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதிய சட்டம் அந்தப் பழைய சட்டத்தை உள்வாங்கிக்கொண்டாலும், சுரங்கத்துக்கு ஒரே மேலாளர் என்பது அங்கும் இருக்கிறது.

இனி உன் குவாரியை நினைத்துப் பார். லாரி வந்து நிற்கிறது, துறைமுகத்துக்குப் பிளாக் போக வேண்டும். முதலாளி நேராக ஹிட்டாச்சி ஓட்டுநரிடம் போய், "அந்த மூலையில் இருப்பதை இழுத்துப் போடு" என்கிறார். மேலே மழையில் ஊறிய விரிசல் இருக்கிறது. நாளைக்கு அந்தக் கல் ஒருவன் மேல் விழுந்தால் விசாரணையில் முதல் கேள்வி, "மேலாளர் யார்?" என்பதுதான். பழைய சட்டத்தின் 72சி பிரிவில், விதிமீறலால் உயிர் போனால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புதிய தொகுப்பில் குறைந்தபட்ச அபராதமே 5 லட்சம். சிறைக் காலம் குறையவில்லை.

உன் முதலாளி உனக்குச் சம்பளத்தை உயர்த்துகிறாரா என்பது இரண்டாவது கேள்வி. வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை உனக்குத் தருகிறாரா என்பதே முதல் கேள்வி. நீ "இந்த முகப்பில் இன்று வேலை இல்லை" என்று சொன்னால் இயந்திரம் நிற்குமா? நிற்காது என்றால் ஒரு லட்சம் கொடுத்தாலும் கையெழுத்துப் போடாதே.

நடைமுறைவாதி:

ஐயா பெரியவர், மதிக்கிறேன். ஆனால் ஊர் நிலவரம் வேறு. சட்டத்தை அப்படியே பார்த்தால் மாவட்டத்தில் எத்தனை குவாரி ஓடும்? தம்பி, 17ஆம் பிரிவையெல்லாம் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு போனால், "சரி, வீட்டுக்குப் போய்ப் படி" என்பார். சான்றிதழ் இருக்கிறது அல்லவா, அதை இரண்டு மூன்று குவாரிகளுக்குக் கொடு. சம்பளத்தைப் போல இன்னொரு பங்கு வீட்டுக்கு வரும். எல்லாரும் செய்வதுதானே. எனக்குத் தெரிந்த ஒருவர் ஏற்பாடு செய்து தருவார், எண் இதோ: [நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்:

கைபேசி எண்களைப் பொதுவில் பகிரக் கூடாது. சான்றிதழை வாடகைக்கு விடும் ஏற்பாடுகளுக்கு இங்கே இடமில்லை. விவாதம் தொடரட்டும்.

பர்கூர்ப் பையன்:

நடைமுறைவாதி அண்ணா சொன்னது போன்ற அழைப்பு எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு குவாரியாம். "நீங்கள் வரவே வேண்டாம் சார், சான்றிதழ் நகலும் கையெழுத்தும் போதும், மாதம் பிறந்ததும் பணம் கணக்குக்கு வந்துவிடும்" என்றார். என் பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்றே புரியவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை, ஒரு கணம் ஆசை வந்தது. முதலாளியிடம் போய் நின்று கேட்பதைவிட அது எளிதாகத் தோன்றியது.

சாம்பியன் ரீஃப்:

எளிதுதான். அந்தக் குவாரியின் பெஞ்ச் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று உனக்குத் தெரியுமா? அங்கே வெடி வைப்பவனுக்கு வெடிவைப்பாளர் (பிளாஸ்டர்) சான்றிதழ் இருக்கிறதா, இல்லை கம்ப்ரசர் ஓட்டுபவனே திரியையும் பற்ற வைக்கிறானா? தெரியாது. ஆனால் அவர்கள் அனைவருக்கும் சட்டப்படி மேலாளர் நீ. தினமும் நேரில் மேற்பார்வை செய்ய வேண்டும் என்பது உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் 1961 சொல்வது. முன் அனுமதி இல்லாமல் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்கங்களுக்கு மேலாளராக இருக்கவும் முடியாது. ஒரே நாளில் பர்கூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் பதிவேட்டில் கையெழுத்து இருந்தால் அதுவே உனக்கு எதிரான சாட்சி. போலீஸ்காரர் தேட வேண்டியதே இல்லை, நீயே எழுதிக் கொடுத்திருப்பாய்.

நடைமுறைவாதி:

ஆண்டுக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் சம்பாதித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன் ஐயா.

சாம்பியன் ரீஃப்:

ஆகும்வரை ஆகாது.

தருமபுரி வரைபடம்:

கட்டடத் துறையிலும் இதே கதைதான். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி பதிவு செய்த பொறியாளர் நான். பென்னாகரம் சாலையில் சிறிய அலுவலகம். மேஸ்திரி வரைந்த படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து, "சார் ஒரு கையெழுத்து" என்பார்கள். கட்டடத்தைப் பார்க்கவே கூப்பிட மாட்டார்கள். மறுத்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். இதனால் நேர்மையாக இருப்பவனின் கட்டணமும் தரைமட்டத்துக்கு வந்துவிடுகிறது. சான்றிதழை வாடகைக்கு விடுபவர்கள்தான் உங்கள் சம்பளத்தையும் அமுக்கி வைத்திருக்கிறார்கள் தம்பி. ஒரு கையெழுத்து மலிவாகக் கிடைக்கும்போது முழுநேர மேலாளருக்கு யார் முழுச் சம்பளம் தருவார்கள்?

குவாரி முதலாளி:

நீண்ட நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலாளி என்றாலே வில்லன் என்ற தொனி இருப்பதால் எழுதுகிறேன். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குவாரி நடத்துபவன். தம்பி என்னிடம் வேலை செய்பவர் அல்ல.

சான்றிதழ் உள்ள பிள்ளைகள் குவாரியில் தங்குவதில்லை. கைக்கு வந்ததும் சிமெண்ட் ஆலைச் சுரங்கத்துக்கோ ஒடிசாவுக்கோ போய்விடுகிறார்கள். பிறகு மாதம் ஒருமுறை வருபவரை வைத்துக்கொள்ளாமல் என்ன செய்வது? இது நியாயம் என்று சொல்லவில்லை, காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் வருமானமும் ஒரே சீராக வருவதில்லை. மேல்மண்ணையும் சிதைந்த பாறையையும் மாதக்கணக்கில் அள்ளிக் கொட்டிய பிறகு நல்ல பாறை தெரியும். அதிலும் ஒரு மயிரிழை விரிசல் ஓடினால் பிளாக் வெறும் கல்லாகிவிடும். மழைக்காலத்தில் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். சம்பளம் மட்டும் நிற்காது.

இருந்தாலும் உண்மையான மேலாளர் ஒருவர் கிடைத்தால் நான் கொடுப்பேன். ஏன் தெரியுமா? சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளர் வந்து, ஆபத்து என்று ஒரு முகப்பில் வேலைக்குத் தடை போட்டால் அந்த நட்டம் மேலாளரின் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டும். இந்தக் கணக்கு எல்லா முதலாளிக்கும் தெரியும். யாராவது அமைதியாக எடுத்துச் சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

தம்பிக்கு என் யோசனை: லோடு போகும் நாளில் போகாதே. கணக்கர் முன்னால் கேட்காதே. தனியாக, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போய் உட்கார். வேறு இடத்தில் இவ்வளவு தருகிறார்கள் என்று மிரட்டாதே. மிரட்டினால், "போய்க்கொள்" என்பதே வாயில் வரும், பிறகு இருவருக்கும் இறங்கி வர வழி இருக்காது. சேலத்துக்காரருக்குப் போகும் பணம் இனி மிச்சம் என்பது அவருக்கே தெரியும். அதைத் தொடக்கமாக வைத்துப் பேசு.

சம்பளப் பட்டியல்:

ஓசூரில் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இந்தப் பேச்சைத் தினமும் கேட்பவள் என்பதால் சில விஷயங்கள்.

திருமண முன்பணமும் சம்பளமும் வேறு வேறு கணக்குகள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் அல்லவா? பிறகு என்ன நன்றிக் கடன் பாக்கி? நல்ல மனிதர், நன்றியோடு இருங்கள். ஆனால் இரண்டு ஆண்டுச் சிறைக்கான பொறுப்பை நன்றிக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச்சில் அவர் முன்பணத்தைக் கொண்டுவந்தால், "அதைச் சொன்னபடி அடைத்துவிடுகிறேன் ஐயா, அதில் மாற்றமில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மேலாளர் வேலைக்குத் திரும்புங்கள்.

சம்பள உயர்வு என்ற சொல்லையே எடுக்காதீர்கள். உயர்வு என்றால் பழைய சம்பளத்தில் பத்து விழுக்காடா பதினைந்தா என்று பேச்சு போகும். நீங்கள் ஃபோர்மேன் வேலையில் நன்றாகச் செய்ததற்குப் பரிசு கேட்கப் போகவில்லை. மேலாளர் என்ற வேறு பதவிக்கு என்ன சம்பளம் என்று பேசப் போகிறீர்கள். 31,000 என்ற எண் அந்த அறைக்குள் வரவே தேவையில்லை.

அடுத்தது, அனைவரும் கோட்டைவிடும் இடம். "பொறுப்புப் படி" என்று தனியாக ஒரு தொகை தருவதாகச் சொல்வார்கள். கையில் வரும் பணம் ஒன்றுதான் என்று தோன்றும். ஒன்றல்ல. வருங்கால வைப்பு நிதிக்கான 12 விழுக்காடும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. பணிக்கொடை என்பது முடித்த ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கு. 10,000 ரூபாய் அடிப்படையில் சேராமல் படியாக நின்றால், பத்து ஆண்டுகள் கழித்து விலகும்போது பணிக்கொடையில் மட்டும் ஏறத்தாழ 57,700 குறையும். புதிய ஊதியத் தொகுப்புச் சட்டத்தின்படி படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கருதப்படும். ஆனால் பாதிக்குள் இருக்கும் படிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தவிர, படியை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம் என்று நினைக்கும் முதலாளிகள் அடிப்படையில் கைவைக்கத் தயங்குவார்கள்.

மின்கம்பம்:

அம்மா, இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். என்னுடையது முழுக்கப் படியாகத்தான் இருக்கிறது.

பர்கூர்ப் பையன்:

அனைவருக்கும் நன்றி. தேன்கனிக்கோட்டைக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். முதலாளியையும் பார்த்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

குவாரி முதலாளி ஐயா சொன்னபடி சாப்பாட்டுக்குப் பிறகு போனேன். கையில் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. கிழக்கு முகப்பில் பெஞ்சின் உயரத்தைவிட அகலம் குறைந்துவிட்டது என்று நான் எழுதிய பக்கங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றின் கீழும் சேலத்துக்காரரின் கையெழுத்து இருந்தது. நடவடிக்கை எதுவும் இல்லை. "என் பெயர் வந்த பிறகு இப்படி எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியாது ஐயா. எழுதினால் நிறுத்த வேண்டும், மேலிருந்து வெட்டி அகலப்படுத்திய பிறகுதான் கீழே இறங்க வேண்டும்" என்றேன். வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினார். பிறகு, "இதை ஏன் இதுவரை என்னிடம் யாரும் காட்டவில்லை?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் அந்த முகப்பைத் தினமும் தாண்டித்தான் அலுவலகம் வருகிறார்.

பணத்தைப் பொறுத்தவரை நான் 55,000 கேட்டேன். அவர் 42,000இல் தொடங்கினார். 48,000இல் நின்றது. நிறுத்தும் அதிகாரம் எனக்கு உண்டு, முதலாளியின் உத்தரவுகள் என் வழியாகவே போகும் என்று நியமனக் கடிதத்தில் எழுதச் சம்மதித்தார். முன்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் தேவையில்லாமல் பயந்திருக்கிறேன். இரண்டாவது மேட் வேண்டும் என்று கேட்டதற்கு மட்டும், "பொங்கல் கழியட்டும்" என்றார்.

பாலக்கோட்டான்:

அருமை! பதிவேட்டோடு போனது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத உத்தி.

குவாரி முதலாளி:

48,000 நியாயமான எண். அவருக்கும் கட்டுப்படியாகும்.

சாம்பியன் ரீஃப்:

பணம் இருக்கட்டும். ஒரே மேட்டை வைத்துக்கொண்டு இரண்டு முகப்புகளில் வேலை நடக்கிறதா? நடக்கிறது என்றால் பொங்கல் வரை ஒரு முகப்பை மூடி வை. அதையும் கடிதத்திலேயே எழுதச் சொல். முதலாளி முகம் சுளித்தால், "மேட் வந்த அன்று காலையே திறந்துவிடுகிறேன்" என்று சொல். ஆள் தானாகச் சீக்கிரம் கிடைப்பார்.

பர்கூர்ப் பையன்:

இரண்டு முகப்புகள்தான் ஐயா. கிழக்கை எப்படியும் அகலப்படுத்த வேண்டியிருக்கிறது, மேலே ஹிட்டாச்சி வேலை முடியும்வரை கீழே ஆட்களை இறக்க மாட்டேன். இதைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்கிறேன்.

கணக்கர் கடிதத்தின் வரைவை அனுப்பியிருக்கிறார். சம்பளப் பட்டியல் அக்கா, சம்பளப் பகுதியை அப்படியே தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: "அடிப்படைச் சம்பளம் ரூ.31,000. மேலாளர் பொறுப்புப் படி ரூ.17,000. மேற்படி படி நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது."

சம்பளப் பட்டியல்:

நான் சொன்னேன் அல்லவா? முதலாளி ஒப்புக்கொண்ட 48,000ஐக் கணக்கர் மாலைக்குள் 31,000 ஆக்கிவிட்டார். சண்டை வேண்டாம், இது பழக்கத்தில் தட்டச்சு செய்ததாகவும் இருக்கலாம். கணக்கரிடம் போகாமல் முதலாளியிடமே, "பேசியது இப்படி இல்லையே ஐயா" என்று காட்டுங்கள். அடிப்படை 40,000, வீட்டு வாடகைப் படி 8,000 என்று பிரித்தால் மொத்தம் மாறாது, அவருக்கு வைப்பு நிதிப் பங்கு கொஞ்சம் கூடலாம், அதை அவர் பெரிதாக எடுக்க மாட்டார். "நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது" என்ற வரியை முழுவதுமாக அடித்துவிடச் சொல்லுங்கள். மேலாளராக அறிவிக்கப்படும் தேதியும் புதிய சம்பளம் தொடங்கும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும், அது வரைவில் இல்லை. திருத்திய கடிதத்தில் முதலாளியின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த பிறகு, இயக்குநரகத்துக்குப் போகும் அறிவிப்பில் நீங்கள் கையெழுத்திடுங்கள். அந்த வரிசை மாறக் கூடாது.